மூளைக் காயமும் குருதிச் சோதனையும்

மாணவர்களே, மனித உடலின் இயைபாக்கம் பற்றிய அலகில் மூளை, முண்ணாண், நரம்புக் கலம் ஆகியவற்றையும், குருதி பற்றிய அலகில் திரவவிழையம், பிறபொருளெதிரி ஆகியவற்றையும் கற்றிருப்பீர்கள். இவ்விரு அலகுகளும் ஒன்றுசேரும் ஒரு விடயத்தை இக்கட்டுரை விளக்குகின்றது. தலையில் அடிபட்ட ஒருவரின் மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது, அவர் எந்தளவுக்குக் குணமடைவார் என்பவற்றை, விபத்து நிகழ்ந்து சில மணித்தியாலங்களுக்குள் பெறப்படும் சிறிதளவு குருதியைக் கொண்டு மதிப்பிட முடியுமா என்பதே அவ்விடயமாகும்.

1. மூளை காயமடையும் விதம்

மூளை மென்மையான இழையத்தாலானது. மண்டையோடு, மூன்று மென்சவ்வுகள், மூளைய முண்ணாண் பாய்பொருள் என்பன அதனைப் பாதுகாக்கின்றன. எனினும் மோட்டார் சைக்கிள் விபத்து, உயரத்திலிருந்து விழுதல், விளையாட்டின்போது மோதுதல் போன்றவற்றால் தலைக்குப் பலத்த அடி விழும்போது இப்பாதுகாப்பு போதாமற் போகலாம். இதனால் ஏற்படும் பாதிப்பை இரண்டாகப் பிரிக்கலாம்.

(அ) முதற் காயம்: அடிபட்ட கணத்திலேயே ஏற்படுவது. மண்டையோடு உடைதல், குருதிக்கலன் கிழிந்து குருதி கசிதல், மூளை நசுங்குதல், நரம்புக் கலங்களின் நீண்ட முளைகள் இழுபட்டு அறுதல் என்பன இதில் அடங்கும்.

(ஆ) இரண்டாம் காயம்: பின்னர் மணித்தியாலக் கணக்கிலும் நாட்கணக்கிலும் ஏற்படுவது. மூளை வீங்குவதாலும் குருதி தேங்குவதாலும் மண்டையோட்டினுள் அமுக்கம் கூடுகின்றது. மண்டையோடு விரிய முடியாத பெட்டி போன்றது. ஆகவே அமுக்கம் கூடக்கூட மூளைக்குச் செல்லும் குருதி குறைகின்றது. ஒட்சிசனும் குளுக்கோசும் கிடைக்காமையால் மேலும் பல கலங்கள் இறக்கின்றன.

முதற் காயத்தை வைத்தியரால் மாற்ற முடியாது. இரண்டாம் காயத்தைக் குறைக்க முடியும். எனவே யாருக்கு ஆபத்து உள்ளது என்பதை விரைவாக அறிதல் மிக முக்கியமானதாகும்.

2. ஏற்கெனவே உள்ள இரு முறைகள்

கிளாஸ்கோ உணர்வு அளவுத்திட்டம்

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹம் டீஸ்டேல், பிறையன் ஜெனற் ஆகிய இரு நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1974 இல் இதனை வெளியிட்டனர். நோயாளியின் மூன்று துலங்கல்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படும்.

கண் திறத்தல் - 1 முதல் 4 வரை
பேச்சு - 1 முதல் 5 வரை
உடல் அசைவு - 1 முதல் 6 வரை

ஆகவே மிகக் குறைந்த மொத்தப் புள்ளி 3, மிகக் கூடிய புள்ளி 15 ஆகும். 13 - 15 இலேசான காயம், 9 - 12 நடுத்தரக் காயம், 3 - 8 கடுமையான காயம் எனக் கொள்ளப்படும்.

உதாரணம்: ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கிறார் (3). குழப்பமாகப் பேசுகிறார் (4). சொல்வதைக் கேட்டுக் கையை உயர்த்துகிறார் (6). மொத்தம் 13. எனவே இது இலேசான காயம் என்ற வகையில் அடங்கும்.

இம்முறைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் குறைபாடுகள் உண்டு. மதுபோதையில் உள்ளவரும் மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரும் மூளையிற் காயம் இல்லாமலேயே குறைந்த புள்ளியைப் பெறலாம். சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவரால் பேச முடியாது. மறுபுறம், 15 புள்ளி பெற்ற ஒருவரின் மண்டையோட்டினுள்ளும் குருதி கசிந்துகொண்டிருக்கலாம்.

சி.ரி. ஸ்கான்

இங்கிலாந்தின் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய இக்கருவி மூலம் 1971 இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளை படம் பிடிக்கப்பட்டது. இதற்காக அவருக்கும் அலன் கோர்மக் என்பவருக்கும் 1979 இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்திக் குறுக்குவெட்டுப் படங்களைப் பெறுவதே இதன் தத்துவமாகும். குருதிக் கசிவையும் எலும்பு முறிவையும் இது நன்கு காட்டும். எனினும்,

* நுண்ணிய முளைகள் அறுபட்டிருப்பதை இது பெரும்பாலும் காட்டாது.
* தலைக்கான ஒரு ஸ்கானில் ஏறத்தாழ 2 மில்லிசீவேட்டு கதிர்வீச்சு உடலைச் சேரும். இது ஒருவர் ஓராண்டில் இயற்கைச் சூழலிலிருந்து பெறும் சராசரி அளவை அண்மித்தது.
* கருவி விலை கூடியது. எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை.

தலையில் அடிபட்டு வருவோரில் மிகப் பெரும்பாலானோர் இலேசான காயமுடையவர்களே. அவர்களுக்கு எடுக்கப்படும் ஸ்கான்களில் பெரும்பாலானவை எந்தப் பாதிப்பையும் காட்டுவதில்லை. யாருக்கு ஸ்கான் தேவை, யாருக்குத் தேவையில்லை என முன்கூட்டியே பிரித்தறிய ஒரு வழி இருந்தால் நன்மை பயக்கும் அல்லவா? அங்கேதான் குருதிச் சோதனை பயன்படுகின்றது.

3. மூளையின் புரதம் குருதிக்கு வருவது எவ்வாறு?

ஒவ்வொரு வகைக் கலத்திலும் அதற்கே உரிய சில புரதங்கள் உள்ளன. கலம் சிதையும்போது அவை வெளியேறிக் குருதியைச் சேரும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் திரொப்போனின் என்னும் புரதம் குருதியில் கூடுவதை வைத்து மாரடைப்பைக் கண்டறிவது இத்தத்துவத்தின்படியே ஆகும்.

சாதாரண நிலையில் மூளையின் மயிர்த்துளைக் குழாய்களின் சுவர்க் கலங்கள் மிக நெருக்கமாகப் பிணைந்திருப்பதால் பெரிய மூலக்கூறுகள் எளிதில் ஊடுசெல்ல முடியாது. இது குருதி - மூளைத் தடை எனப்படும். காயத்தின்போது இத்தடை சேதமடைகின்றது. அதனூடாகவும், மூளைய முண்ணாண் பாய்பொருள் வழியாகவும் மூளைப் புரதங்கள் குருதியை அடைகின்றன. முக்கியமானவை பின்வருமாறு.

(அ) எஸ்.100பி: மூளையின் தாங்கு கலங்களில் உள்ள, கல்சியத்துடன் பிணையும் புரதம். கொழுப்பிழையத்திலும் கசியிழையத்திலும்கூட இது உண்டு. ஆகவே மூளை பாதிக்கப்படாமல் கால் எலும்பு மட்டும் முறிந்தாலும் இதன் அளவு உயரக்கூடும்.

(ஆ) ஜீ.எப்.ஏ.பி.: நட்சத்திர வடிவான தாங்கு கலங்களின் உட்சட்டகமாக அமையும் நார்ப் புரதம். 1970 ஐ அண்டிய ஆண்டுகளில் அமெரிக்க விஞ்ஞானி லோறன்ஸ் எங் இதனைப் பிரித்தெடுத்தார். பெரும்பாலும் மைய நரம்புத் தொகுதிக்கே உரியது என்பதால் இது கூடுதலாக நம்பத்தக்கது.

(இ) யூ.சீ.எச்.எல்.1: நரம்புக் கலங்களின் கலவுடலில் செறிந்து காணப்படும் நொதியம். பழுதடைந்த புரதங்களை அகற்றும் செயன்முறையுடன் தொடர்புடையது.

(ஈ) நரம்பிழை இலேசுப் புரதம்: நரம்புக் கலத்தின் நீண்ட முளையினுள் இருப்பது. முளைகள் அறுபட்டதற்கான சான்றாக அமைகின்றது.

ஆகவே (ஆ) தாங்கு கலங்களின் சேதத்தையும், (இ) நரம்புக் கலவுடல்களின் சேதத்தையும், (ஈ) முளைகளின் சேதத்தையும் சுட்டுகின்றன என நினைவிற் கொள்க.

4. அளவிடப்படுவது எவ்வாறு?

குருதியில் இப்புரதங்களின் அளவு மிகமிகக் குறைவு. எனவே அவை பிக்கோகிராமில் அளவிடப்படுகின்றன. 1 பிக்கோகிராம் என்பது 1 கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்காகும்.

இவ்வளவு சிறிய அளவைக் கண்டறியப் பிறபொருளெதிரிகள் பயன்படுகின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பே பொருந்துவது போல, ஒரு பிறபொருளெதிரி குறித்த ஒரு புரதத்துடன் மாத்திரமே இணையும். சோதனையின் படிமுறைகள்:

படி 1: ஒரு மேற்பரப்பில் பிறபொருளெதிரிகள் பதிக்கப்பட்டிருக்கும். குருதி அதன்மீது செலுத்தப்படும்போது குறித்த புரதம் அவற்றுடன் பிணைந்து நிற்கும்.
படி 2: ஒளி அல்லது மின் சைகையைத் தோற்றுவிக்கக்கூடிய அடையாளம் இணைக்கப்பட்ட இரண்டாவது பிறபொருளெதிரி சேர்க்கப்படும். அது புரதத்தின் மறுபக்கத்தில் பிணையும்.
படி 3: பிணையாதவை கழுவி அகற்றப்படும்.
படி 4: எஞ்சியுள்ள சைகை அளவிடப்படும். புரதம் கூடுதலாயின் சைகையும் கூடுதலாகும்.

5. நேரத்தின் முக்கியத்துவம்

இப்புரதங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிக் குறைவதில்லை. ஜீ.எப்.ஏ.பி., யூ.சீ.எச்.எல்.1 ஆகிய இரண்டையும் காயம் ஏற்பட்டு ஒரு மணித்தியாலத்திலேயே குருதியில் கண்டறியலாம். யூ.சீ.எச்.எல்.1 ஏறத்தாழ 8 மணித்தியாலத்தில் உச்சத்தை அடைந்து விரைவாகக் குறையும். ஜீ.எப்.ஏ.பி. ஏறத்தாழ 20 மணித்தியாலத்தில் உச்சத்தை அடைந்து மெதுவாகக் குறையும். எஸ்.100பி மிக விரைவாக அகன்றுவிடும். நரம்பிழை இலேசுப் புரதமோ நாட்கணக்கில் மெதுவாகக் கூடிச் செல்லும்.

எனவே ஒரு சோதனையின் பெறுபேற்றை வாசிக்கும்போது, எவ்வளவு என்பதுடன் அடிபட்டு எத்தனை மணித்தியாலத்தின் பின் என்பதையும் கேட்க வேண்டும். 2013 இல் ஸ்கன்டிநேவிய நாடுகளின் வழிகாட்டி, ஆபத்துக் குறைந்த வளர்ந்தோருக்கு எஸ்.100பி சோதனையைப் பரிந்துரைத்தபோது, 6 மணித்தியாலத்துக்குள் குருதி எடுக்கப்பட வேண்டும் என நிபந்தனை விதித்தது இதனாலேயே ஆகும்.

6. எண்களைக் கொண்டு ஆராய்வோம்

ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2018 பெப்ரவரியில், ஜீ.எப்.ஏ.பி., யூ.சீ.எச்.எல்.1 ஆகிய இரண்டையும் சேர்த்து அளக்கும் சோதனைக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியது. இதற்கு அடிப்படையான ஆய்வு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 22 இடங்களில் நடத்தப்பட்டது. 12 மணித்தியாலத்துக்குள் குருதி எடுக்கப்பட்டது. ஜீ.எப்.ஏ.பி. ஒரு மில்லிலீற்றரில் 22 பிக்கோகிராம், யூ.சீ.எச்.எல்.1 ஒரு மில்லிலீற்றரில் 327 பிக்கோகிராம் என எல்லைகள் குறிக்கப்பட்டன. ஏதாவது ஒன்று எல்லையை எட்டினாலே பெறுபேறு நேர் எனக் கொள்ளப்பட்டது. 1959 பேரின் தரவுகள் வருமாறு:

ஸ்கானில் காயம் தெரிந்தோர்: 125 பேர். இவர்களுள் குருதிச் சோதனை நேர் 122, எதிர் 3.
ஸ்கானில் காயம் தெரியாதோர்: 1834 பேர். இவர்களுள் குருதிச் சோதனை நேர் 1166, எதிர் 668.

இதிலிருந்து மூன்று பெறுமானங்களைக் கணிக்கலாம்.

(அ) உணர்திறன்: காயமுள்ளோரைச் சோதனை பிடித்துக்கொள்ளும் வீதம்.
122 ÷ 125 × 100 = 97.6%

(ஆ) தனித்தன்மை: காயமற்றோரைச் சோதனை காயமற்றோர் எனச் சரியாகக் காட்டும் வீதம்.
668 ÷ 1834 × 100 = 36.4%

(இ) எதிர்ப் பெறுபேற்றின் நம்பகத்தன்மை: சோதனை எதிர் எனக் காட்டியோரில் உண்மையில் காயம் தெரியாதோரின் வீதம்.
668 ÷ (668 + 3) × 100 = 99.6%

இவற்றின் கருத்து என்ன? பெறுபேறு எதிர் எனில் ஸ்கானில் காயம் தெரிவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எனவே ஸ்கான் எடுக்காமல் விடுவது பற்றி வைத்தியர் சிந்திக்கலாம். ஆனால் பெறுபேறு நேர் எனில் மூளையிற் காயம் உண்டென முடிவு செய்யக்கூடாது. நேர் எனக் காட்டப்பட்ட 1288 பேரில் 122 பேருக்கு, அதாவது 10 இல் ஏறத்தாழ ஒருவருக்கே, ஸ்கானில் காயம் தெரிந்தது. சுருங்கக் கூறின், இச்சோதனை காயம் உண்டு என நிரூபிப்பதிலும் பார்க்க, காயம் இல்லை எனக் கூறுவதற்கே சிறப்பாகப் பயன்படும். விடை எழுதும்போது மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் வேறுபாடு இதுவாகும்.

எதிர் எனக் காட்டப்பட்ட அந்த 3 பேரையும் மறந்துவிட வேண்டாம். அவர்களின் மூளையிற் பாதிப்பு இருந்தது. எந்தச் சோதனையும் 100% சரியானதன்று. எனவே பெறுபேறு எதிராக இருந்தாலும் நோயாளியை அவதானித்தல் அவசியமாகும்.

2018 இன் சோதனைக்கு ஆய்வுகூடம் தேவைப்பட்டது. 2021 இல் கையில் ஏந்தக்கூடிய கருவி மூலம் 15 நிமிடமளவில் பெறுபேறு தரும் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அதற்குக் குருதியிலிருந்து திரவவிழையத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் முழுக் குருதியையே நேரடியாகப் பயன்படுத்தி, காயமேற்பட்டு 24 மணித்தியாலம் வரை செய்யக்கூடிய சோதனை அனுமதிக்கப்பட்டது. இது 18 வயதும் அதற்கு மேற்பட்டோருக்குமானது.

7. எதிர்காலத்தை எதிர்வுகூற முடியுமா?

இதுவரை இன்று காயம் உண்டா என்ற வினாவைப் பார்த்தோம். குடும்பத்தினர் கேட்பதோ வேறு வினா: இவர் பிழைப்பாரா? முன்போல நடப்பாரா, படிப்பாரா?

ஐக்கிய அமெரிக்காவில் 18 பெரிய விபத்துச் சிகிச்சை நிலையங்கள் பங்குபற்றிய ஆய்வொன்றின் பெறுபேறு 2022 இல் வெளியானது. காயமேற்பட்ட அன்றே 1696 பேரின் குருதியில் இவ்விரு புரதங்களும் அளவிடப்பட்டு, 6 மாதங்களின் பின் அவர்களின் நிலை ஒப்பிடப்பட்டது. இறப்பைப் பொறுத்தவரை ஜீ.எப்.ஏ.பி. இன் எதிர்வுகூறும் திறன் 0.87 எனக் காணப்பட்டது. இதன் பொருள் இதுவே: இறந்த ஒருவரையும் உயிர் தப்பிய ஒருவரையும் எழுமாற்றாகத் தெரிவு செய்தால், 100 தடவைகளில் ஏறத்தாழ 87 தடவைகள் இறந்தவரின் அளவே கூடுதலாக இருக்கும். நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்தால் கிடைப்பது 0.5, ஒருபோதும் தவறாத சோதனை எனில் 1 ஆகும்.

ஆனால் உயிர் தப்பியபின் தலையிடி, மறதி, கவனக் குறைவு போன்ற எந்தக் குறையுமின்றி முழுமையாகக் குணமடைவாரா என்பதை எதிர்வுகூறும் திறன் 0.62 மாத்திரமே. இது நாணயம் சுண்டுவதிலிருந்து சிறிதளவே மேலானது. காரணம், முழுமையான குணமடைதல் காயத்தின் அளவில் மட்டும் தங்கியிருப்பதில்லை. வயது, முன்னைய நோய்கள், முன்னர் பட்ட காயங்கள், உளநிலை, கிடைக்கும் பராமரிப்பு ஆகியவையும் பங்களிக்கின்றன.

8. கவனிக்க வேண்டிய எல்லைகள்

1. முதியோரில் காயம் இல்லாமலேயே ஜீ.எப்.ஏ.பி. சற்று உயர்ந்திருக்கலாம்.
2. மூளையில் தானாக ஏற்படும் குருதிப்பெருக்கு, சிலவகை மூளைக் கட்டிகள் என்பனவும் இதனை உயர்த்தும்.
3. நேரம் கடந்து எடுத்த குருதி தவறான விடையைத் தரலாம்.
4. மூளையின் எப்பகுதி பாதிக்கப்பட்டது என்பதைக் குருதி காட்டாது. அதற்குப் படம் தேவை.
5. எதிர்வுகூறல் என்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனி மனிதனின் தலைவிதியை அது தீர்மானிக்காது.

ஐந்தாவது விடயம் மிக முக்கியமானது. அளவு மிக உயர்வு, இனிப் பயனில்லை எனக் கருதிச் சிகிச்சையைக் கைவிட்டால் அந்நோயாளி இறந்துவிடுவார். பின்னர் எதிர்வுகூறல் சரியாக இருந்தது என்றே பதிவாகும். உண்மையில் எதிர்வுகூறலே அவ்விறப்பை ஏற்படுத்தியிருக்கும். ஆகையால் ஒரு குருதிப் பெறுபேற்றை மட்டும் கொண்டு சிகிச்சையை நிறுத்தக்கூடாது.

2025 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் முயற்சியில் வெளியான புதிய வகைப்படுத்தல் முறையும் இதனையே வலியுறுத்துகின்றது. அது நோயாளியின் அறிகுறிகள், குருதிச் சுட்டிகள், படங்கள், மற்றைய காரணிகள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கின்றது. இலேசான காயம் என்ற ஒற்றைச் சொல் நோயாளியின் உண்மையான துன்பத்தை மறைத்துவிடக்கூடாது என்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

9. நீங்கள் செய்ய வேண்டியது

தலையில் அடிபட்ட ஒருவரிடம் பின்வருவனவற்றில் ஒன்றையேனும் கண்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

* சிறிது நேரமேனும் உணர்விழத்தல்
* மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தல்
* கூடிக்கொண்டே செல்லும் தலையிடி
* எழுப்ப முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு
* வலிப்பு, கை கால் சோர்தல்
* ஒரு கண்மணி மற்றையதிலும் பெரிதாக இருத்தல்
* மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த திரவமோ குருதியோ வடிதல்

அடிபட்ட நேரத்தைக் குறித்து வைத்து வைத்தியரிடம் கூறுங்கள். நேரம் ஏன் முக்கியம் என்பதை இப்போது அறிவீர்கள். மோட்டார் சைக்கிளில் செல்லும்போது தலைக்கவசம் அணிந்து அதன் பட்டியையும் பூட்டிக்கொள்ளுங்கள். இறந்த நரம்புக் கலத்தை மீட்கும் சோதனை எதுவும் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. நோவு கொடுத்தால் மட்டும் கண் திறப்பவர் (2), பொருளற்ற ஒலி மட்டும் எழுப்புபவர் (2), நோவு தரும் இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுசெல்பவர் (5) ஒருவரின் கிளாஸ்கோ புள்ளி யாது? காயம் எவ்வகையினது?
2. கால் எலும்பும் முறிந்துள்ள ஒருவரின் மூளைக் காயத்தை மதிப்பிட எஸ்.100பி ஐ விட ஜீ.எப்.ஏ.பி. பொருத்தமானது ஏன்?
3. ஒரு சோதனையின் உணர்திறன் உயர்வு, தனித்தன்மை குறைவு. இதன் எந்தப் பெறுபேறு கூடுதலாக நம்பத்தக்கது?
4. குருதிச் சோதனை ஸ்கானுக்கு முழுமையான மாற்றீடாக அமையாமைக்கு இரு காரணங்கள் தருக.

விடைகள்

1. 2 + 2 + 5 = 9. நடுத்தரக் காயம்.
2. எஸ்.100பி மூளைக்கு வெளியேயுள்ள இழையங்களிலிருந்தும் வெளியேறும். ஜீ.எப்.ஏ.பி. பெரும்பாலும் மைய நரம்புத் தொகுதிக்கே உரியது.
3. எதிர்ப் பெறுபேறு.
4. காயத்தின் இடத்தைக் காட்டாமை. மூளைக் காயம் ஸ்கானில் தெரியாதோரிலும் நேர்ப் பெறுபேறு பெருமளவிற் கிடைத்தல்.